ஷார்ட் டிராக் பந்தயத்துக்கு கம்பெனி சீல் இன்ஜின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு மைலுக்கும் குறைந்த நீளமுள்ள ஓவல் தடங்களில், மண்ணிலும் தாரிலும், வாரக் கடைசியில் சொந்தக் காசில் கார் ஓட்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பின்னால் பெரிய டீமோ ஸ்பான்சரோ கிடையாது. அவர்களுக்கென்றே கார் கம்பெனிகள் பூட்டி, சீல் வைத்து விற்கும் பந்தய இன்ஜின்களைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களுக்கு இங்கே பதில். பெரும்பாலும் ஜெனரல் மோட்டார்ஸின் (இனி ஜிஎம்) 602, 604 பற்றித்தான். தடங்களில் அதிகம் ஓடுவது அவைதான்.

கிரேட் இன்ஜின்னா என்ன? மெக்கானிக் கட்டித் தர்ற இன்ஜினுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

கார் கம்பெனி முழுதாகப் பூட்டி, மரப்பெட்டியில் வைத்து, ஒரே பார்ட் நம்பரில் விற்கும் இன்ஜின்தான் கிரேட் இன்ஜின். பந்தயத்துக்கு வரும் வகையில் கூடுதலாக சீல் இருக்கும். உள்ளே கை வைத்தால் சீல் காட்டிக்கொடுத்துவிடும். எல்லோரிடமும் ஒரே இன்ஜின், யாரும் திறக்கக் கூடாது. திட்டம் அவ்வளவுதான்.

கட்டித் தரும் இன்ஜினுக்கு உச்சவரம்பே இல்லை. சூப்பர் லேட் மாடல் என்ற உயர் வகுப்பில் ஒரு நல்ல ஓபன் (சீல் இல்லாமல் கட்டிய) இன்ஜின் 40,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். 602-க்கு அதில் ஒரு சிறு பங்குதான் ஆகும். பணக்காரர் வேகமாக ஓடுவதை சீல் முழுதாக நிறுத்திவிடாது. ஆனால் அந்த வேகத்தை இன்ஜினில் வாங்க முடியாமல் செய்கிறது. செலவு ஷாக், டயர் பக்கம் நகர்கிறது, அவ்வளவே.

602, 604 ரெண்டுக்கும் என்ன வேறுபாடு?

இரண்டுமே 350 கன அங்குல, அதாவது 5.7 லிட்டர், ஷெவர்லே ஸ்மால் பிளாக் வி8. துளை 4.00 அங்குலம், ஸ்ட்ரோக் 3.48 அங்குலம். பழைய பார்ட் நம்பர்கள் 88958602, 88958604. நம்பர் பிறகு மாறியது, கடைசி மூன்று இலக்கம் மட்டும் பெயராக நின்றுவிட்டது.

602-இல் வார்ப்பிரும்பு வோர்டெக் ஹெட், வார்ப்பு கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), ஹைட்ராலிக் ஃப்ளாட் டாப்பெட் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு). கம்ப்ரஷன் 9.1:1. கம்பெனி சொல்லும் சக்தி 350 குதிரைத்திறன், 5400 ஆர்பிஎம்மில். 604-இல் அலுமினிய ஃபாஸ்ட் பர்ன் ஹெட், ஃபோர்ஜ் செய்த கிராங்க், ஹைட்ராலிக் ரோலர் கேம். கம்ப்ரஷன் 9.6:1, சக்தி 400 குதிரைத்திறன், 5500-இல். குதிரைத்திறன் வித்தியாசத்தை விட முக்கியமானது கேம் வித்தியாசம். இன்ஜினை முதன்முதலில் எப்படி ஸ்டார்ட் செய்வது, எந்த டிஸ்ட்ரிபியூட்டர் போடுவது என்பதெல்லாம் அதைப் பொறுத்தது.

இதை யார் வேணும்னாலும் வாங்கலாமா? டீம், லைசென்ஸ் ஏதாவது கேப்பாங்களா?

யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஷெவர்லே டீலரின் பார்ட்ஸ் கவுன்டரில் நம்பரைச் சொன்னால் ஆர்டர் எடுத்துக்கொள்வார்கள். பந்தய உதிரிபாகம் விற்கும் பெரிய கடைகளும் வைத்திருக்கின்றன. ஓட்டுநர் உரிமமோ டீம் பெயரோ கேட்க மாட்டார்கள்.

சிக்கல் வருவது இருப்பில்தான். 2021, 2022-இல் உதிரிபாகத் தட்டுப்பாடு உலகம் முழுக்க இருந்தபோது 602-க்கும் 604-க்கும் நீண்ட காத்திருப்புப் பட்டியல் இருந்தது. கையில் ஒரு இன்ஜின் மட்டுமே வைத்திருந்தவர்கள் அது போனதும் சீசனின் நடுவில் உட்கார்ந்துவிட்டார்கள். அதனால் மார்ச்சில் பந்தயம் என்றால் பிப்ரவரியில் ஆர்டர் போடாதீர்கள். போன சீசன் முடிந்த கையோடு போடுங்கள்.

எந்த இன்ஜின் வாங்கணும்னு எப்படி முடிவு பண்றது?

உங்கள் தடத்தின் விதிப்புத்தகத்தைப் படித்துத்தான். இன்ஜினை முதலில் வாங்கிவிட்டு வகுப்பைத் தேடுவதுதான் இந்த ஆட்டத்திலேயே காசு அதிகம் வீணாகும் வழி. பக்கத்துப் பக்கத்து ஊர்த் தடங்களே ஒன்றில் 602 மட்டும், இன்னொன்றில் 604 மட்டும் என்று வைத்திருக்கும். கார்பரேட்டர், ஹெடர் (புகைக்குழாய்), ரெவ் லிமிட் (ஆர்பிஎம் உச்சவரம்பு), குறைந்தபட்ச எடை எல்லாம் மாறும்.

அடுத்த சீசனில் எந்தெந்தத் தடத்துக்குப் போவீர்கள் என்று எழுதிக்கொண்டு, ஒவ்வொரு புத்தகத்திலும் நான்கு விஷயம் பாருங்கள்: அனுமதித்த பார்ட் நம்பர், ஏற்றுக்கொள்ளும் சீல் வகை, கார்பரேட்டர், எடை. சந்தேகம் இருந்தால் டெக் இன்ஸ்பெக்டரிடம் (தடத்தில் கார்களைச் சோதிப்பவர்) கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சு சனிக்கிழமை ராத்திரி செல்லாது.

பெட்டியைத் திறந்து அப்படியே காரில் வச்சு ஓட்டிடலாமா?

முடியாது. இன்டேக், டிஸ்ட்ரிபியூட்டர், 8 குவார்ட் (சுமார் ஏழரை லிட்டர்) பந்தய ஆயில் பான் எல்லாம் அதில் இருக்கும். கார்பரேட்டர், ஸ்டார்ட்டர், ஃப்யூயல் பம்ப், ஹெடர், ஃப்ளைவீல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். 602 வகுப்புகளில் ஹாலி 4412 என்ற 500 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 500 கன அடி காற்று) டூ பேரல் கார்பரேட்டரைப் பல தடங்கள் கட்டாயமாக்கியிருக்கின்றன. 604-க்கு 650 சிஎஃப்எம் ஃபோர் பேரல் பரவலாக ஓடுகிறது. இன்ஜின் விலையோடு இதையெல்லாம் கூட்டி பட்ஜெட் போடுங்கள்.

புது இன்ஜின், ஆனா வண்டியே குலுங்குது. இன்ஜின் கோளாறா?

பெரும்பாலும் பின்னால் மாட்டியதில்தான் கோளாறு. 1986-க்குப் பிந்தைய ஸ்மால் பிளாக் போல இந்த இரண்டிலும் கிராங்கின் பின்முனையில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் (கம்பெனி வைக்கும் சீல் அல்ல) ஒரே துண்டாக வருகிறது. அந்தக் கிராங்கின் சமநிலையில் ஒரு பகுதி ஃப்ளைவீலில் இருக்கும் எடையை நம்பியிருக்கிறது. பழைய இரண்டு துண்டு சீல் இன்ஜினின் ஃப்ளைவீலை மாட்ட முடியாது, போல்ட் வட்டமே வேறு: அதில் 3.58 அங்குலம், இதில் 3.00. அதனால் அந்தத் தப்பு நடக்காது. நடப்பது வேறு. 3.00 வட்டத்தில், ஆனால் எதிர் எடை இல்லாத பந்தய ஃப்ளைவீல் ஒன்றை வாங்கி மாட்டிவிடுவார்கள். அழகாகப் பொருந்தும், 4000-க்கு மேல் உதறும்.

பெர்ட் போன்ற பந்தய கியர்பாக்ஸ் போடுபவர்கள் பெரிய ஃப்ளைவீலே வைப்பதில்லை. அவர்களுக்கு ஒரு துண்டு சீல் கிராங்குக்கான எதிர் எடைத் தட்டு தனியாகக் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்க வேண்டும். உதறலோடு இரண்டு ராத்திரி ஓட்டினால் மெயின் பேரிங்கே போகும்.

முதல் ஸ்டார்ட் எப்படி? சாவியைப் போட்டா போதாதா?

போதாது, 602-க்கு நிச்சயமாகப் போதாது. ஃப்ளாட் டாப்பெட் கேமில் லிஃப்டரின் (கேமின் தள்ளலை வால்வுப் பக்கம் கொண்டுபோகும் துண்டு) அடிப்பக்கம் லேசாகக் குவிந்திருக்கும், கேம் லோபும் (கேமில் உள்ள மேடு) மிகச் சிறிதாகச் சரிந்திருக்கும். அதனால்தான் ஓடும்போது லிஃப்டர் தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. முதல் அரை மணி நேரத்தில் ஒவ்வொரு லிஃப்டரும் தன் லோபோடு பழகிக்கொள்ள வேண்டும். அப்போது எண்ணெய் குறைந்தால் லிஃப்டர் சுற்றாமல் நின்று லோபைச் சுரண்டிவிடும்.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, பிரைமிங் ஷாஃப்டை டிரில்லில் மாட்டி, கடிகாரச் சுற்றில் ஆயில் பம்பை ஓட்டுங்கள். நடுவில் கிராங்கைக் கையால் சிறிது சிறிதாகத் திருப்பி, பதினாறு ராக்கரிலும் (வால்வை அழுத்தித் திறக்கும் நெம்புகோல்) எண்ணெய் வடியும் வரை விடாதீர்கள். வெறும் கம்பியை வைத்து பிரைம் செய்தால் ஒரு பக்க ராக்கருக்கு எண்ணெயே வராது. டிஸ்ட்ரிபியூட்டர் இருந்த இடத்தில் எண்ணெய் வழி திறந்துகிடப்பதுதான் காரணம். அதை அடைக்கும் காலர் உள்ள ஷாஃப்ட் வாங்குங்கள். பிறகு கார்பரேட்டரில் பெட்ரோல் நிரப்பி, டைமிங்கை (தீப்பொறி விழும் நேரம்) தோராயமாக வைத்து, ஸ்டார்ட் ஆன உடனே 2000 முதல் 2500 ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோய், கொஞ்சம் ஏற்றி இறக்கி, 20 முதல் 30 நிமிடம் ஓட்டுங்கள். ஐடிலில் விடவே கூடாது. கேமுக்கு எண்ணெய் கிராங்க் தெறிப்பதில்தான் வருகிறது, ஐடிலில் அந்தத் தெறிப்பு போதாது. தண்ணீர் ஒழுகினால் அணைத்து, சரி செய்து, மீதி நேரத்தை முடியுங்கள்.

604-இல் ரோலர் கேம், ஆகவே இந்த அரை மணி நேரச் சடங்கு கிடையாது. பிரைம் செய்வது மட்டும் அதற்கும் கட்டாயம்.

என்ன ஆயில் ஊத்தணும்? கடையில கிடைக்கிற நல்ல கார் ஆயில் போதுமா?

602-க்குப் போதாது. இன்றைய கார் ஆயிலில் துத்தநாக–பாஸ்பரஸ் சேர்க்கை குறைக்கப்பட்டிருக்கிறது, அது வினையூக்கிக் கருவியைக் கெடுக்கும் என்பதால். ஃப்ளாட் டாப்பெட் உயிரோடு இருப்பதே அந்தச் சேர்க்கையால்தான். முதல் ஓட்டத்துக்கு பிரேக்-இன் ஆயில், பிறகு துத்தநாகம் அதிகமுள்ள பந்தய ஆயில். இரண்டு மூன்று பந்தய ராத்திரிக்கு ஒரு முறை மாற்றுவது நல்ல பழக்கம்.

ஒவ்வொரு மாற்றத்திலும் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். மடிப்புகளை விரித்து வெயிலில் பிடித்தால், மினுமினுப்பு இருந்தால் தெரியும். காந்தத்தில் ஒட்டும் தூள் என்றால் கேமோ லிஃப்டரோ தேய்கிறது. ஒட்டாத செம்பு நிறத் தகடு என்றால் பேரிங். முதல் மாற்றத்தில் கொஞ்சம் தூள் வரும், அது புது இன்ஜினுக்கு இயல்பு. மூன்றாவது மாற்றத்திலும் வந்தால் காரை வெளியே எடுக்காதீர்கள்.

டைமிங், பெட்ரோல்? ரேஸ் ஃப்யூயல் போட்டா பவர் கூடுமா?

கூடாது. 9.1 கம்ப்ரஷனுக்கு பம்பில் கிடைக்கும் பிரீமியமே போதும், ஆக்டேன் அதிகமானால் அது வெறும் காப்பீடு. மொத்த டைமிங்கை 32 முதல் 34 டிகிரி வரை வைத்து ஓட்டுபவர்கள்தான் அதிகம். இன்ஜினோடு வரும் தாளில் உள்ளதிலிருந்து தொடங்கி, ஸ்பார்க் பிளக்கைப் பார்த்து கார்பரேட்டரின் ஜெட்டை (பெட்ரோல் போகும் துளை) மாற்றுங்கள்.

எவ்வளவு ஆர்பிஎம் வரை போகலாம்? பக்கத்து ஆள் 7000 போறேன்னு சொல்றாரே?

போகட்டும், அவருக்குப் பின்னால் வரும் நீங்கள் ஜெயிப்பீர்கள். உச்ச சக்தி 5400-5500-இலேயே வந்துவிடுகிறது. 6000-ஐத் தாண்டியதும் வால்வு ஸ்பிரிங் வால்வைக் கட்டுப்படுத்த முடியாமல் திணறும், ஹைட்ராலிக் லிஃப்டர் உப்பிக்கொள்ளும். சத்தம் ஏறும், கார் ஏறாது. பல தடங்கள் 6200-ஐ ஒட்டி ரெவ் லிமிட் சிப்பே கட்டாயமாக்கியிருக்கின்றன.

நேர்ப்பாதையின் கடைசியில் ஆர்பிஎம் அதிகமாக இருந்தால் பின் அச்சின் கியரை மாற்றுங்கள். கணக்கு எளிது: இப்போதைய விகிதத்தை, வேண்டிய ஆர்பிஎம்மால் பெருக்கி, இப்போதைய ஆர்பிஎம்மால் வகுக்க வேண்டும். 6.20 கியரில் 6600 போகிறது, 6200 போதும் என்றால் 6.20 × 6200 ÷ 6600 = 5.82. அதற்கு அருகில் கிடைக்கும் கியர் ஜோடியைப் போடுங்கள். முதல் நாலு லேப்பில் கார் மந்தமாகத் தோன்றும், ஸ்டாப் வாட்ச்சைப் பார்த்தபிறகு முடிவு செய்யுங்கள்.

சீல்ங்கறது எங்கே இருக்கு, எப்படி இருக்கும்?

இன்டேக், சிலிண்டர் ஹெட், டைமிங் கவர், ஆயில் பான் ஆகிய நான்கு இடங்களில். கம்பெனி சீல் ஒரு விசேஷ போல்ட். முறுக்கி முடித்ததும் தலைப்பகுதி முறிந்து விழுந்து, சாவி பிடிக்க முடியாத வழவழப்பான உருண்டைத் தலை மட்டும் நிற்கும். அதைக் கழற்ற வேண்டுமென்றால் துளைத்தெடுக்கத்தான் வேண்டும். போலி போல்ட்டுகள் சந்தைக்கு வந்த பிறகு, பல பந்தயத் தொடர்கள் எண் பொறித்த கேபிள் சீல்களைத் தாங்களே வைக்கத் தொடங்கின. எந்த எண் யாருடைய இன்ஜினில் என்று அவர்களிடம் பதிவு இருக்கும்.

சீல் உடையாம நான் எதைத் தொடலாம்?

வால்வு கவரைக் கழற்றலாம், அதற்கு சீல் இல்லை. ராக்கரை அட்ஜஸ்ட் செய்யலாம். அனுபவஸ்தர்கள் ஹைட்ராலிக் லிஃப்டருக்கு முழுத் திருப்பு கொடுப்பதில்லை. இடைவெளி பூஜ்யமானதும் எட்டில் ஒன்று முதல் கால் திருப்பு வரை கொடுத்து நிறுத்துகிறார்கள், உயர் ஆர்பிஎம்மில் உப்பல் குறைகிறது. ஸ்பிரிங் மாற்றலாமா என்பது தொடருக்குத் தொடர் வேறுபடும். 604-இன் ஸ்பிரிங் சோர்ந்துபோவது பலருக்கும் தெரிந்த கதை, ஆகவே அனுமதி இருந்தால் சீசனுக்கு ஒரு முறை அழுத்தத்தை அளந்து பாருங்கள்.

604-இல் டிஸ்ட்ரிபியூட்டர் மாற்றினால் ஒன்றைக் கவனியுங்கள். ரோலர் கேம் எஃகால் ஆனது. சாதாரண வார்ப்பிரும்பு கியர் கொண்ட டிஸ்ட்ரிபியூட்டரைப் போட்டால் பல் தேய்ந்து, டைமிங் நழுவி, தூள் ஆயிலில் கலக்கும். மெலனைஸ் செய்த (மேற்பரப்பைக் கடினமாக்கிய) கியர் என்று கேட்டு வாங்குங்கள். 602-இல் இந்தப் பிரச்சினை இல்லை.

இன்ஜின் தேய்ஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதானா?

இல்லை. ஜிஎம் இந்த இன்ஜின்களுக்கு அளவுகளோடு ஒரு தொழில்நுட்பக் கையேடு வெளியிட்டிருக்கிறது. அந்த அளவுக்குள் ரிங், பேரிங், ஸ்பிரிங் மாற்றித் திரும்பச் சீல் வைக்க, தொடர்கள் சில பட்டறைகளுக்கு அங்கீகாரம் தந்திருக்கின்றன. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தப் பட்டறையின் சீலை உங்கள் தடம் ஏற்குமா? ஒரு தொடரின் சீல் இன்னொன்றில் செல்லாமல் போவது சகஜம். நல்ல வேலை, தவறான சீல் என்றால் அந்த இன்ஜின் அங்கே சட்டவிரோதம்.

வாரன்டியை நம்பி இருக்காதீர்கள். சாலை வாகனத்துக்குத் தருவது போன்ற உத்தரவாதம் பந்தய ஓட்டத்துக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

பழைய 604 ஒண்ணு மலிவா வருது. வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் காசு கொடுக்கும் முன் சீல் எண்களைப் புகைப்படம் எடுத்து உங்கள் டெக் இன்ஸ்பெக்டருக்கு அனுப்புங்கள். ஒரு சீல் இல்லை, போக்குவரத்தில் உடைந்தது என்று சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள். பிறகு லீக்-டவுன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்திக் கசிவை அளப்பது. எட்டு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும், ஒன்று மட்டும் தனியாக விழுந்தால் காற்று எங்கே போகிறது என்று கேளுங்கள். கார்பரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, ஹெடரில் சீறினால் எக்ஸாஸ்ட், பிரீதரில் வந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழ் வந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல்.

குளிர்ப்பகுதியிலிருந்து வந்த இன்ஜினில் விரிசலைத் தனியாகப் பாருங்கள். சிந்தினால் தடம் வழுக்கும் என்பதால் ஆன்டிஃப்ரீஸ் பல இடங்களில் தடை, வெறும் தண்ணீர்தான் ஊற்றுவார்கள். அதை வடிக்காமல் பனிக்காலத்தில் விட்டால் பிளாக் பிளந்துவிடும்.

சீல் இருக்கும்போது ஏமாத்தறது எப்படி முடியும்? எப்படிக் கண்டுபிடிக்கறாங்க?

சீலைக் கழற்றி, கேமை மாற்றி, போலி போல்ட்டைப் போடுவது ஒரு வழி. சீலையே தொடாமல் 1.5 விகித ராக்கருக்குப் பதில் 1.6 போடுவது இன்னொரு வழி. பின்னதைப் பிடிப்பது சுலபம். வால்வு கவரைத் திறந்து, ஸ்பிரிங் ரிடெய்னர் மேல் டயல் இண்டிகேட்டரை வைத்து இன்ஜினைக் கையால் சுற்றினால் லிஃப்ட் (வால்வு திறக்கும் உயரம்) தெரிந்துவிடும். 602-க்கு இன்டேக் .435, எக்ஸாஸ்ட் .460 அங்குலம், 604-க்கு .474, .510. 604-இல் 1.6 ராக்கர் போட்டால் இன்டேக் .506-க்கு ஏறும். தேய்மானம் லிஃப்டைக் குறைக்கும், கூட்டாது. ஆகவே ‘பழைய இன்ஜின் சார்’ என்ற சாக்கு எடுபடாது.

கம்ப்ரஷனுக்கு விஸ்லர் என்ற கருவி இருக்கிறது. பிளக் துளை வழியாகக் காற்று விட்டால் விசில் எழும், அதன் சுருதியை வைத்து அறையின் கனஅளவைக் கணக்கிடுகிறது. ஹெட்டைக் கழற்றவே வேண்டாம்.

ரெண்டு புது 604-ம் ஒரே பவர்தான் தருமா?

சரியாக ஒரே மாதிரி இருக்காது. தொழிற்சாலை வேலையில் சில குதிரைத்திறன் மேலே கீழே இருக்கும். பல இன்ஜின்களை டைனோவில் (சக்தியை அளக்கும் கருவி) ஓட்டி, நன்றாக வந்ததைத் தனக்கு வைத்துக்கொண்டு மீதியை விற்கும் ஆட்களும் உண்டு, விதியில் அதற்குத் தடையும் இல்லை. ஆனால் அரை மைல் தடத்தில் அந்த வித்தியாசம் தவறான டயர் அழுத்தத்தில் காணாமல் போகும். முதல் சீசனில் இதற்காகத் தூக்கம் கெடுக்க வேண்டாம்.

நாஸ்கார் கப் இன்ஜினையே வாங்கி மாட்டினா என்ன?

நாஸ்கார் கப் அமெரிக்காவின் முதன்மை ஸ்டாக் கார் பந்தயத் தொடர், அதன் இன்ஜின் புதிதாகக் கிடைக்காது. ஷெவர்லே ஆர்07, ஃபோர்ட் எஃப்ஆர்9 போன்றவற்றை ஒரு சில பட்டறைகள் கட்டி, டீம்களுக்குப் பெரும்பாலும் வாடகைக்குத்தான் தருகின்றன. ஓய்வு பெற்ற பழையவை, குறிப்பாக ஆர்07-க்கு முந்தைய எஸ்பி2, இரண்டாம் கையாக வருவதுண்டு, விலையும் ஆசை காட்டும். ஆனால் அது உயர் ஆர்பிஎம்முக்குக் கட்டிய, டிரை சம்ப் (எண்ணெயைத் தனித் தொட்டியில் வைக்கும்) இன்ஜின். அடிக்கடி பிரித்துப் பூட்ட வேண்டும், உதிரிபாகமும் தனி ரகம். அனுமதிக்கும் வகுப்பும் சொற்பம்.

ஃபோர்ட் கார் வச்சிருக்கேன். எனக்கு ஒண்ணும் இல்லையா?

இருக்கிறது. ஃபோர்ட் 347 கன அங்குலத்தில் சீல் வைத்த பந்தய இன்ஜின் விற்றிருக்கிறது, பல விதிப்புத்தகங்களில் அதற்கு இடம் உண்டு. பார்ட் நம்பரின் கடைசி எழுத்து வரை புத்தகத்தோடு ஒத்துப்பாருங்கள், ஒரே 347-இல் வெவ்வேறு வகை இருக்கிறது.

எங்க வகுப்புல கிரேட்டும் கட்டின இன்ஜினும் சேர்ந்து ஓடுது. இது நியாயமா?

சமன் செய்வது எடையும் கார்பரேட்டரும்தான். கட்டிய இன்ஜினுக்குக் கூடுதல் எடையோ, கார்பரேட்டருக்கு அடியில் காற்றைக் குறைக்கும் தட்டோ போடுவார்கள். உங்களுக்கு அநியாயம் நடப்பதாகத் தோன்றினால், இறுதி இடங்களைக் காட்டிப் பயனில்லை. பல வாரங்களின் லேப் நேரங்களையும், நேர்ப்பாதை முடிவில் வரும் வேக வித்தியாசத்தையும் எழுதிக் கொடுங்கள். வளைவில் இழப்பதை இன்ஜின் மேல் போடாதீர்கள், இன்ஸ்பெக்டருக்கு அது உடனே தெரியும்.

நாளைக்கு ஜிஎம் இதை நிறுத்திட்டா என் இன்ஜின் வீணா?

ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 602, 604-க்கு நடுவில் 603 என்று 355 குதிரைத்திறன் இன்ஜின் ஒன்று இருந்தது, அது விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. கம்பெனி விற்பதை நிறுத்துவதும் தடம் அனுமதியை நிறுத்துவதும் ஒன்றல்ல. கையில் உள்ள இன்ஜின் செல்லுமா என்பதைத் தடம்தான் தீர்மானிக்கும், எவ்வளவு காலம் ஓடும் என்பதை மேலே சொன்ன அங்கீகாரப் பட்டறைகள் தீர்மானிக்கும். ஆகவே பழைய இன்ஜினை விற்கும்போது அதன் சீல் பதிவுத் தாளையும் ரீபில்ட் ரசீதையும் சேர்த்துக் கொடுங்கள், வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். தட்டுப்பாடு இருந்த நாட்களில் தாள் உள்ள பழைய 604 ஒரே நாளில் விலைபோனது, தாள் இல்லாததை உதிரிபாகமாகத்தான் கேட்டார்கள்.